ஒரே வலையில் இரு கூட்டம்

மார்ச் மாதம் லோஃபோட்டனில் மீன்பாடு உச்சத்தில் இருக்கும். ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே, நார்வேயின் பெருநிலத்துக்கும் லோஃபோட்டன் தீவுகளுக்கும் இடையில் விரிந்து கிடக்கிறது வெஸ்ட்ஃபியோர்டு. குளிர்காலம் முடிவதற்கு முன்பே பேரன்ட்ஸ் கடலிலிருந்து காட் மீன்கள் முட்டையிட இங்கே வந்து குவிகின்றன. செவுள் வலை, ஆயிரங்கால் தூண்டில், கைத்தூண்டில் என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு படகுகள் அவற்றைத் தேடிப் போகின்றன. பிடித்த மீனின் தலையைக் கொய்து, குடலெடுத்து, இரண்டிரண்டாக வாலில் கட்டி மரச்சட்டங்களில் தொங்கவிடுகிறார்கள். ஒரு கல் உப்புகூடச் சேர்ப்பதில்லை. உறைநிலையை ஒட்டி வீசும் காற்றே அதைக் கருவாடாக்கிவிடுகிறது. வடக்கு நார்வே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கருவாட்டை விற்று வாழ்ந்திருக்கிறது. நம்மூர் மருந்துக் கடைகளில் காட் லிவர் ஆயில் என்று கிடைக்கும் மஞ்சள் குளிகையும் இந்த இன மீனின் ஈரலிலிருந்து வருவதுதான்.

வலையைப் படகில் ஏற்றிக் கொட்டினால் எல்லாம் காட் மீன்தான். ஆனால் லோஃபோட்டன் மீனவர்களுக்கு அவற்றில் இரண்டு வகை உண்டு. பேரன்ட்ஸ் கடலின் ஆழத்தில் இரை தேடி வளர்ந்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீந்தி வரும் மீன் ‘ஸ்க்ரே’. உடல் நீண்டிருக்கும், நிறம் வெளிறியிருக்கும். இன்னொன்று ஃபியோர்டுகளிலும் கரையோரத்திலும் ஆண்டு முழுவதும் தங்கியிருக்கும் கரைக் காட். ஃபியோர்டு என்பது பனியாறு குடைந்த பள்ளத்தில் கடல் புகுந்து உண்டான நீண்ட நீர்வழி. அங்கே பாசிக்காடுகளுக்கு நடுவே திரியும் மீன் பெரும்பாலும் பழுப்பாகவோ செம்மையாகவோ இருக்கும். முட்டையிடும் பருவத்தில் இரண்டும் ஒரே நீரில், ஒரே மாதத்தில், சில சமயம் ஒரே வலையில் சேர்கின்றன.

இவை இரண்டும் ஒரே கூட்டம்தானா? இந்தக் கேள்வியைத் தீர்க்க நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. மீன் எப்படி வாழ்கிறது என்பதைத் தெரிந்துகொள்வதற்காக மட்டும் கேட்ட கேள்வி அல்ல இது. எவ்வளவு பிடிக்கலாம், எங்கே பிடிக்கலாம், யார் பிடிக்கலாம் என்ற கணக்குகள் எல்லாம் இதற்குக் கிடைக்கும் விடையைத்தான் நம்பியிருக்கின்றன.

கடலில் வேலி இல்லை என்ற எண்ணம் இயல்பாகவே வருவது. அதற்கு வலுவான ஆதாரமும் இருந்தது. 1860-களில் நார்வே அரசு கியோர்க் ஓசியன் சார்ஸ் என்ற இளம் விலங்கியலாளரை லோஃபோட்டனுக்கு அனுப்பியது. காட் மீனின் முட்டை கடலடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று அதுவரை பலரும் நினைத்திருந்தார்கள். சார்ஸ் அதைத் தண்ணீரின் மேற்பரப்பில் மிதக்கக் கண்டார். ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லாத, கண்ணாடித் தெளிவுள்ள முட்டை அது. ஒரு பெரிய பெண் மீன் ஒரே பருவத்தில் பல இலட்சம் முட்டைகளை விடும். முட்டையும் அதிலிருந்து வரும் குஞ்சும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீரோட்டம் போகும் பக்கம் போகின்றன. லோஃபோட்டனில் பிறந்த ஸ்க்ரே குஞ்சுகளை நார்வேயின் கரையோர நீரோட்டம் வடக்கே பேரன்ட்ஸ் கடலில் கொண்டு சேர்க்கிறது. இப்படி மிதந்து பரவும் உயிரினத்தில் தனித்தனிக் கூட்டங்கள் எப்படி நிலைத்திருக்க முடியும்?

நார்வேயின் தெற்குக் கரையில் இதே கேள்வி பெரும் சண்டையாகவே வெடித்தது. ஆரெண்டால் நகருக்கு அருகே ஃப்ளோடவிகன் என்ற இடத்தில் 1882-இல் கப்பல் தலைவர் குன்டர் மத்தீசன் டேனவிக் காட் மீன் பொரிப்பகம் ஒன்றைத் தொடங்கினார். முட்டைகளைப் பொரிக்க வைத்து, குஞ்சுகளைக் கோடிக்கணக்கில் ஃபியோர்டுகளில் விட்டார். விட்ட இடத்திலேயே அவை வளர்ந்து அந்த ஃபியோர்டின் மீன்வளத்தைப் பெருக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. நார்வேயின் கடல் அறிவியலுக்கு அடித்தளமிட்ட யோஹான் யோர்ட் அதை ஏற்கவில்லை. குஞ்சுகளை நீரோட்டம் அடித்துக்கொண்டு போய்விடும், ஆயிரத்தில் ஒன்றுகூட அங்கே தங்காது, செலவெல்லாம் கடலில் கரைத்ததுதான் என்று அவர் வாதிட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இதற்காகவே ஃபியோர்டுகளில் சோதனைகள் நடந்தன. இரு தரப்பும் ஒரே எண்களைப் பார்த்து எதிரெதிர் முடிவுக்கு வந்தார்கள். குஞ்சு விடும் வேலை 1971 வரை தொடர்ந்தது.

அந்தச் சண்டையால் விளைந்த நன்மை ஒன்று உண்டு. 1919 முதல் ஃப்ளோடவிகன் ஆய்வாளர்கள் ஸ்காகராக் என்னும் அந்தத் தெற்குக் கரையில் குறிப்பிட்ட இடங்களில் இலையுதிர் காலந்தோறும் கரைவலை இழுத்து, இளம் காட் மீன்களை எண்ணி எழுதி வைத்து வருகிறார்கள். இடையில் போர் வந்தது, ஆட்கள் மாறினார்கள். வலையின் வடிவமும் இழுக்கும் முறையும் மாறாமல் பார்த்துக்கொண்டார்கள். உலகில் மீன் குஞ்சுகளைப் பற்றி இவ்வளவு நீண்ட, இவ்வளவு சீரான பதிவுகள் மிகக் குறைவு. அதன் பயன் பிறகு தெரியவரும்.

லோஃபோட்டனில் முதல் தெளிவான அடையாளம் மீனின் தலைக்குள்ளிருந்து கிடைத்தது. எலும்பு மீன்கள் எல்லாவற்றுக்கும் உள்காதில் சுண்ணாம்பாலான சிறு கற்கள் உண்டு. மீன் தன் உடலைச் சமநிலையில் வைத்துக்கொள்ள உதவுபவை அவை. அவற்றில் ஆண்டுதோறும் ஒரு வளையம் படியும். 1933-இல் குன்னர் ரோலஃப்சன் இந்தச் செவிக்கற்களை உடைத்துப் பார்த்து, ஸ்க்ரேயின் கல்லில் உட்பக்க வளையங்கள் ஒரு வடிவத்திலும் கரைக் காட்டின் கல்லில் வேறு வடிவத்திலும் இருப்பதைக் காட்டினார். இன்றும் பெர்கனில் உள்ள கடல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பயிற்சி பெற்ற கண்கள் கல்லைப் பார்த்தே மீனைப் பிரித்துவிடுகின்றன.

ஆனால் கல்லின் வடிவம் பிறப்பால் வந்ததா, வளர்ந்த இடத்தால் வந்ததா? குளிர்ந்த பேரன்ட்ஸ் கடலில் மெதுவாக வளரும் குஞ்சுக்கும், சற்றே இளஞ்சூடான ஃபியோர்டில் வளரும் குஞ்சுக்கும் வளையம் வேறாகப் படிவது இயல்பே. ஒரே தாயின் முட்டைகளில் பாதி ஃபியோர்டிலும் பாதி திறந்த கடலிலும் போய்ச் சேர்ந்தால், கற்கள் இரண்டு விதமாகத்தான் இருக்கும் என்று ஒருவர் வாதிடலாம். கல்லை மட்டும் வைத்துக்கொண்டு அந்த வாதத்தை மறுக்க வழியில்லை. இரத்தத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

டென்மார்க்கைச் சேர்ந்த க்னூட் சிக் 1961-இல் மீன்களின் ஹீமோகுளோபின் ஒரே இனத்துக்குள்ளேயே மீனுக்கு மீன் வேறுபடுவதைப் பதிவு செய்தார். இரத்தத்துளியைக் கூழ்மப் பலகையில் வைத்து மின்சாரம் பாய்ச்சினால், ஹீமோகுளோபினின் ஒரு வடிவம் வேகமாகவும் இன்னொன்று மெதுவாகவும் நகரும். எந்த வடிவம் என்பது பெற்றோரிடமிருந்து வருவது, வளர்ந்த இடத்தால் மாறாது. இதைக் கையிலெடுத்த நார்வே ஆய்வாளர் டாக் மோலர், ஸ்க்ரேயிலும் கரைக் காட்டிலும் இந்த வடிவங்களின் விகிதம் வேறுபடுவதைக் கண்டார். இரண்டும் ஒன்றோடொன்று கலப்பதே அரிது என்ற முடிவுக்கே அவர் வந்துவிட்டார்.

பலர் ஏற்கவில்லை. மறுப்பதற்கு நல்ல காரணமும் இருந்தது. ஹீமோகுளோபின் உயிர்வாழ்வுக்கு நேரடியாக உதவும் பொருள். ஒரு வடிவம் குளிருக்கும் இன்னொன்று வெப்பத்துக்கும் ஏற்றதாக இருந்தால், ஒரே கூட்டத்தில் பிறந்த குஞ்சுகளில் குளிர்கடலில் சேர்ந்தவற்றில் ஒரு வடிவக்காரர்கள் அதிகம் பிழைப்பார்கள், ஃபியோர்டில் சேர்ந்தவற்றில் மற்ற வடிவக்காரர்கள். இந்த ஐயம் வெறும் ஊகம் அல்ல. வெவ்வேறு வெப்பநிலை உள்ள நீரில் விருப்பப்படி நீந்த விட்டபோது, ஒரு வடிவத்தை மட்டும் பெற்ற காட் மீன்கள் 15 பாகை செல்சியஸ் அளவிலான நீரையும் மற்ற வடிவத்தை மட்டும் பெற்றவை 8 பாகை அளவிலான நீரையும் நாடியதாக 2003-இல் வெளிவந்த ஒரு டேனிஷ் சோதனை காட்டியது.

ஆகவே வாழ்க்கைக்கு நேரடித் தொடர்பில்லாத மரபணு அடையாளங்களைத் தேடினார்கள். 1980-களில் பல நொதிகளை ஒப்பிட்டார்கள். பிறகு தாய்வழியாக மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வைப் படித்தார்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே விடையைத்தான் தந்தன. வட அட்லாண்டிக்கின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும்கூட வேறுபாடு சொற்பம். லோஃபோட்டனின் இரு கூட்டங்களுக்கிடையில் வேறுபாட்டைத் தேடிப் பிடிக்கவே முடியவில்லை. எல்லாம் ஒரே பெருங்கூட்டம் என்று சொன்னவர்களின் கை ஓங்கியது.

இந்த இடத்தில் சற்று நின்று கணக்கைப் பார்க்க வேண்டும், ஏனெனில் மீன்வள நிர்வாகத்தில் நடந்த பெரிய தவறுகளில் ஒன்று இங்கேதான் முளைத்தது. இரண்டு கூட்டங்கள் மரபணு அளவில் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதை அளக்க அமெரிக்க மரபியலாளர் சூவல் ரைட் ஓர் அளவுகோலைத் தந்தார். முழுதும் ஒன்றுதான் என்றால் அதன் மதிப்பு 0. எதிலுமே ஒன்றுபடாமல் பிரிந்துவிட்டால் 1. 1994-இல் நூற்றுக்கும் மேற்பட்ட மீன் இனங்களின் தரவுகளைத் திரட்டிப் பார்த்த ஆய்வாளர்கள், நன்னீர் மீன்களின் கூட்டங்களுக்கிடையில் இது சராசரியாக 0.22 என்றும், கடலுக்கும் ஆற்றுக்கும் போய்வரும் மீன்களில் 0.11 என்றும், கடல் மீன்களில் வெறும் 0.06 என்றும் கண்டார்கள். காட் மீனில் பல இடங்களில் அது 0.01-ஐக்கூடத் தொடுவதில்லை.

இந்த 0.01 எதைச் சொல்கிறது? ரைட்டின் எளிய சூத்திரப்படி, தலைமுறைக்கு 25 மீன்கள் ஒரு கூட்டத்திலிருந்து மற்றதற்குப் போய் இனப்பெருக்கம் செய்தாலே அளவுகோல் அந்த இடத்துக்கு இறங்கிவிடும். கூட்டத்தில் ஆயிரம் மீன் இருந்தாலும் பத்துக் கோடி மீன் இருந்தாலும் அதே 25 போதும். மரபணுக் கண்ணாடியில் பார்த்தால் இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஆனால் ஒரு ஃபியோர்டின் மீன்கள் அனைத்தையும் வாரிவிட்டால், தலைமுறைக்கு 25 மீன் வந்து அந்த இடத்தை நிரப்ப எத்தனை காலமாகும்! மரபணுக்கள் கலந்திருக்கச் சிறு கசிவு போதும், காலியான கடலை நிரப்பப் பெருவெள்ளம் வேண்டும். இவை இரண்டையும் ஒன்றாக எண்ணி, “வேறுபாடு இல்லை, ஆகவே ஒரே இருப்பு, இங்கே குறைந்தால் அங்கிருந்து வரும்” என்று முடிவு செய்ததுதான் பிழை.

1990-களில் விஷயம் திரும்பியது. டிரோம்சோவைச் சேர்ந்த ஸ்வைன்-எரிக் ஃபெவோல்டனும் கிராண்ட் போக்சனும் 1997-இல் ஒரு மரபணுவைப் பற்றி எழுதினார்கள். அப்போது அதற்கு வேறு பெயர், பிறகு பாண்டோஃபைசின் என்று தெளிவானது. அதில் ‘ஏ’, ‘பி’ என இரண்டு வடிவங்கள். ஸ்க்ரேயில் பெரும்பாலும் ‘பி’. கரைக் காட்டில் ‘ஏ’ மேலோங்கி நின்றது. மற்ற அடையாளங்கள் எல்லாம் ஒன்றுபோல் இருக்க, இந்த ஒன்று மட்டும் இரு கூட்டத்தையும் அப்பட்டமாகப் பிரித்துக் காட்டியது. ஆய்வாளர்களுக்கு இது திகைப்பைத் தந்தது. மரபணுத் தொகுதி முழுவதும் சலனமற்றுக் கிடக்க, ஒரு புள்ளியில் மட்டும் இவ்வளவு உயரமான மலை எப்படி எழும்பியது?

ஐஸ்லாந்தில் அதற்கு ஒரு துப்புக் கிடைத்தது. அங்கே காட் மீன்களின் உடலில் ஆழத்தையும் வெப்பநிலையையும் இடைவிடாமல் பதிவு செய்யும் சிறு கருவிகளைப் பொருத்திக் கடலில் விட்டார்கள். பிறகு அவை வலையில் சிக்கியபோது கருவியைப் படித்தார்கள். சில மீன்கள் ஆண்டு முழுவதும் ஆழமில்லாத கரையோரத்தை விட்டு நகரவில்லை. வேறு சில, முட்டையிட்ட பிறகு ஆழ்ந்த நீருக்குப் போய், குளிர்நீரும் சற்றே வெப்பமான நீரும் மோதும் எல்லைகளில் ஏறி இறங்கி இரை தேடின. கரையில் தங்கியவற்றில் ‘ஏ’ வடிவமும், ஆழம் போனவற்றில் ‘பி’ வடிவமும் மிகுந்திருந்தன. மீனின் வாழ்க்கை முறையே அந்த ஒரு புள்ளியில் எழுதியிருப்பது போலத் தோன்றியது.

2011-இல் ஓஸ்லோ பல்கலைக்கழகக் குழு காட் மீனின் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து வெளியிட்டது. அந்த ஆய்வு பேசப்பட்டது வேறு காரணத்துக்காக: நோய் எதிர்ப்புக்கு இன்றியமையாதது என்று கருதியிருந்த ஒரு மரபணுத் தொகுப்பையே இந்த மீன் இழந்திருந்தது. ஆனால் ஸ்க்ரே புதிருக்கும் அதுதான் சாவி. தொகுதியின் வரைபடம் கையில் வந்ததும், 2016-இல் இரண்டு நார்வே குழுக்கள் தனித்தனியே ஒரே விடையை அடைந்தன. பாண்டோஃபைசின் ஒரு புள்ளி அல்ல. முதல் குரோமோசோமில் சுமார் 1.7 கோடி எழுத்து நீளத்துக்கு ஒரு பகுதி, இரண்டு துண்டாக, ஒரு வகை மீனில் தலைகீழாகத் திரும்பிக் கிடக்கிறது. பாண்டோஃபைசின் அந்தப் பகுதிக்குள் இருக்கும் நூற்றுக்கணக்கான மரபணுக்களில் ஒன்று மட்டுமே.

தலைகீழாகத் திரும்புவதால் என்ன ஆகும்? சினையணுவும் விந்தணுவும் உருவாகும்போது தாயிடமிருந்து வந்த குரோமோசோமும் தந்தையிடமிருந்து வந்ததும் அருகருகே படுத்துத் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. இரண்டு மணிச்சரங்களைப் பக்கத்தில் வைத்து, மணிக்கு மணி பொருந்தும் இடத்தில் அறுத்து மாற்றிக் கோப்பது போன்றது அது. ஒரு சரத்தில் நடுப்பகுதி மட்டும் திருப்பிக் கோத்திருந்தால் மணிகள் பொருந்தா, மாற்றமும் நடக்காது. ஸ்க்ரேயும் கரைக் காட்டும் கூடிக் குஞ்சு பிறந்தாலும், அந்தக் குஞ்சின் உடலில் இந்தப் பகுதி மட்டும் கலப்பதில்லை. மற்ற இடங்களில் மரபணுக்கள் தாராளமாக அங்குமிங்கும் போய்வர, இந்த நீண்ட பகுதி ஒரே கட்டாக, பிரியாமல், தலைமுறை தலைமுறையாக இறங்குகிறது. நீந்துபையின் அழுத்தத்தைச் சமாளிப்பதோடு தொடர்புடையவையாகக் கருதும் மரபணுக்களும் அதற்குள் உண்டு. பல நூறு மீட்டர் ஆழத்துக்கு இறங்கி ஏறும் மீனுக்கு அது சாதாரணத் தேவை அல்ல.

இப்படிக் கட்டுண்டு இறங்கும் பகுதிகளைச் சூப்பர் மரபணு என்கிறார்கள். காட் மீனில் அப்படி நான்கு: 1, 2, 7, 12 ஆகிய குரோமோசோம்களில். அவை தோன்றிய காலத்தை 2022-இல் வெளியான ஓர் ஆய்வு 4 இலட்சம் முதல் 16 இலட்சத்து 60 ஆயிரம் ஆண்டுகள் வரை பின்னோக்கிக் கணித்தது. பனியூழிகள் வந்து போயின, நார்வேயின் ஃபியோர்டுகள் பனிக்கடியில் புதைந்து மீண்டும் திறந்தன. இந்தத் தலைகீழ்ப் பகுதிகள் அவை அனைத்தையும் தாண்டி வந்திருக்கின்றன.

ஆக, இரு தரப்பும் ஒருவகையில் சரியாகவே சொன்னார்கள். மரபணுத் தொகுதியின் பெரும்பகுதியில் ஸ்க்ரேயும் கரைக் காட்டும் ஏறத்தாழ ஒன்று. வாழ்க்கையைத் தீர்மானிக்கும் சில பகுதிகளில் அவை பல இலட்சம் ஆண்டுப் பிரிவைச் சுமக்கின்றன. “ஒரே கூட்டமா, இரண்டா” என்று தொகுதி முழுவதையும் சேர்த்துச் சராசரி எடுத்துக் கேட்ட கேள்விதான் ஐம்பது ஆண்டுகளாக விடையை மறைத்து வைத்திருந்தது.

வரலாற்றாசிரியர்களுக்கும் இதனால் ஒரு புதிய கருவி கிடைத்தது. இன்றைய ஜெர்மனியின் வடக்கில் ஷ்லெஸ்விக் நகருக்கு அருகே ஹைதாபு என்ற வைக்கிங் கால வணிகத்தலம் இருந்தது. அங்கே கிடைத்த காட் எலும்புகள் ஏறத்தாழ 800 முதல் 1066 வரையிலான காலத்தைச் சேர்ந்தவை. அவற்றிலிருந்து டி.என்.ஏ. எடுத்துப் படித்து 2017-இல் வெளியிட்டார்கள். பக்கத்திலிருக்கும் பால்டிக் மீனோ வடகடல் மீனோ அல்ல. தலைகீழ்ப் பகுதிகளின் அமைப்பு வடக்கு நார்வேயின் ஆர்க்டிக் மீனைக் காட்டியது. லோஃபோட்டன் பக்கத்துக் கருவாடு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அவ்வளவு தூரம் விற்பனைக்குப் போயிருக்கிறது. பழைய ஏடுகள் அரைகுறையாகச் சொல்வதை ஓர் எலும்புத்துண்டு நேரடியாகச் சொல்லிவிட்டது.

தெற்கே, ஃப்ளோடவிகன் பக்கம் திரும்புவோம். அங்கே ஹால்வோர் க்னுட்சன், பெர் எரிக் யோர்ட, கார்ல் ஆன்ரே, நில்ஸ் ஸ்டென்செத் ஆகியோர் ஸ்காகராக் கரையின் மீன்களை வேகமாக மாறும் டி.என்.ஏ. அடையாளங்களால் ஒப்பிட்டு 2003-இல் எழுதினார்கள். வேறுபாடு மிகச் சிறியது, ஆனால் உண்மையானது. முப்பது கிலோமீட்டர் அளவு தொலைவிலேயே கூட்டங்கள் வேறாகத் தொடங்கின. டேனவிக் எண்ணியது போல ஃபியோர்டுக்கென்று சொந்த மீன் உண்டு. யோஹான் யோர்ட் சொன்னது போல நீரோட்டமும் வேலை செய்கிறது: சில ஆண்டுகளில் வடகடலில் பிறந்த குஞ்சுகள் பெருமளவில் அந்தக் கரைக்கு அடித்துவரப்படுவதை அதே குழு அடுத்த ஆண்டு காட்டியது.

இந்தக் கலவையில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. வடகடலிலிருந்து வந்த குஞ்சு ஃபியோர்டில் வளர்கிறது, ஆனால் முதிர்ந்ததும் பிறந்த கடலை நோக்கிப் போய்விடுகிறது. கரைவலையில் இளமீன் நிறைய விழுந்தால் கூட்டம் நலமாக இருக்கிறது என்றுதான் தோன்றும். அந்த ஃபியோர்டில் முட்டையிடும் சொந்த மீன் அற்றுப்போயிருந்தாலும் வலை அதைக் காட்டாது. சுவீடனின் மேற்குக் கரையில் இதுதான் நடந்தது. முட்டையிடும் கரையோரக் கூட்டங்கள் பல 1980-களிலிருந்து மெலிந்து மறைந்தன. குஞ்சுகள் இன்னும் வருகின்றன. பெரிய மீன் இல்லை.

பால்டிக் கடலில் கதை வேறு. உப்பு மிகக் குறைந்த அந்த நீரில் சாதாரணக் காட் முட்டை மிதக்காமல் மூழ்கிப் போகும், விந்தணுவும் நீந்தாது. கிழக்குப் பால்டிக் காட் தன் முட்டையைப் பெரிதாகவும் அடர்த்தி குறைந்ததாகவும் மாற்றிக்கொண்டு வாழ்கிறது. அப்படியும் அதற்கு நூற்றுக்கு 1.1 பங்கு அளவாவது உப்பு வேண்டும். அந்த நீர் கிடைப்பது போர்ன்ஹோல்ம் தீவுக்கு அருகிலுள்ளதைப் போன்ற ஆழப்பள்ளங்களில்தான். அங்கே ஆக்சிஜன் தீர்ந்து வருகிறது. 2019-இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தக் கூட்டத்தைக் குறிவைத்துப் பிடிப்பதை நிறுத்தியது. வெளிக்கடலிலிருந்து காட் மீன் வந்து அந்த இடத்தை நிரப்பும் என்று எதிர்பார்க்க வழியே இல்லை. வரும் மீனின் முட்டை அந்த நீரில் பிழைக்காது.

கூட்டங்களைப் பிரித்தறியாமல் பிடித்ததன் விலையை உலகம் பெரிய அளவில் கண்டது கனடாவில். நியூஃபவுண்ட்லாந்துக்கும் லாப்ரடாருக்கும் வெளியே 1968-இல் மட்டும் 8 இலட்சத்து 10 ஆயிரம் டன் காட் பிடித்தார்கள். 1992 ஜூலை 2-ஆம் தேதி மீன்வள அமைச்சர் ஜான் குரோஸ்பி தடையை அறிவித்தார். ஏறக்குறைய 30 ஆயிரம் பேர் வேலை இழந்தார்கள். வளைகுடாக்களில் சிறு படகில் பிடித்தவர்கள் தங்கள் மீன் குறைவதைப் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆழ்கடலில் பெரிய இழுவைக் கப்பல்களின் பிடிப்பு நன்றாகவே இருந்ததால், ஒரே பெருங்கூட்டம் என்று வைத்துப் போட்ட கணக்கில் அந்தக் குரல் எடுபடவில்லை. கரையோர மீனும் ஆழ்கடல் மீனும் மரபணு அளவில் வேறுபடுவதை டேனியல் ருஸாண்டே முதலானோர் நிறுவியது 1996-இல். அதற்குள் கூட்டம் சரிந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இவ்வளவு மீன் அழிந்தும் மரபணு வளம் குன்றவில்லையா? லோஃபோட்டனில் 1907-இல் பிடித்த மீன்களின் பாதுகாத்து வைத்த மாதிரிகளையும், கனடாவின் 1940-ஆம் ஆண்டு மாதிரிகளையும் இன்றைய மீன்களோடு 2021-இல் ஒப்பிட்டார்கள். பெரிய இழப்பு எதுவும் தெரியவில்லை. இது நல்ல செய்தி. ஆனால் பெரிய கூட்டங்களுக்கான நல்ல செய்தி. கோடிக்கணக்கில் இருந்த கூட்டம் நூறில் ஒரு பங்காகச் சுருங்கினாலும் இலட்சங்கள் எஞ்சும், அவற்றோடு மரபணு வகைகளும் எஞ்சும். ஒரு ஃபியோர்டின் சில ஆயிரம் மீன்களுக்கு அந்த இருப்பு கிடையாது.

லோஃபோட்டன் காட்டிய வழி இங்கேதான் முக்கியமாகிறது. ஹென்னிங்ஸ்வேர் ஊருக்கு வெளியே ஸ்க்ரேயும் கரைக் காட்டும் கலக்கும் ஒரு பகுதி உண்டு. பெரிய இழுப்பு வலைகள் அங்கே எப்போது இறங்கலாம் என்பதை மரபணுவைக் கேட்டே முடிவு செய்யத் தொடங்கினார்கள். பிடித்த மீன்களின் சிறு திசுத்துண்டு பெர்கனுக்குப் போகும். அதே பாண்டோஃபைசின் சோதனை. ஒரு நாளுக்குள் விடை வரும். ஸ்க்ரேயின் பங்கு போதுமான அளவு உயர்ந்தால் பகுதி திறக்கும், கரைக் காட் மிகுந்தால் மூடியே இருக்கும். பல பத்தாண்டு ஆராய்ச்சியின் பயன் அடுத்த நாள் காலையில் படகுத்துறைக்கு வந்து சேர்கிறது. கடல் மரபியலில் இதைவிட அழகான பயன்பாடு வேறொன்றைச் சொல்வது கடினம். வடகடலிலும் 2023-இல் பன்னாட்டுக் கடல் ஆய்வு மன்றம் பழைய கணக்கைக் கலைத்தது. வடகடலையும் ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலையும் தனித்தனி இருப்பாக எண்ணிய வழக்கத்தை விட்டு, முட்டையிடும் இடங்களை அடிப்படையாகக் கொண்டு மூன்று உட்கூட்டங்களாகக் கணிக்கத் தொடங்கியது.

லாப்ரடாரின் தென்கிழக்குக் கரையில் கில்பர்ட் விரிகுடா என்ற சிறிய நீர்ப்பரப்பு இருக்கிறது. அங்கே வாழும் காட் மீன் பொன்பழுப்பு நிறம் கொண்டது. வெளிக்கடல் மீனிலிருந்து அதைப் பிரிப்பதும் நார்வேயில் கண்ட அதே முதல் குரோமோசோம் பகுதிதான் என்று 2018-இல் தெரியவந்தது. 2005-லேயே கனடா அந்த விரிகுடாவைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்திருந்தது. குளிர்காலத்தில் மீன் எல்லைக்குள் தங்குகிறது. கோடையில் ஒரு பகுதி இரை தேடி எல்லையைத் தாண்டுகிறது, அங்கே வணிக வலைகளில் சிக்குகிறது. பாதுகாப்பு வந்த பிறகும் கூட்டம் மெலிந்துகொண்டே போனதற்கு அதுவும் ஒரு காரணம். 2024-இல் கனடா 1992-ஆம் ஆண்டுத் தடையை முறையாக நீக்கி வெளிக்கடல் மீன்பிடிப்பை மீண்டும் வணிகத்துக்குத் திறந்தது. அந்தப் பொன்பழுப்பு மீன் எல்லைக்கு வெளியே வலையில் ஏறும்போது, வடக்குக் காட் என்ற பெரிய கணக்கில்தான் அதன் எடையும் சேர்கிறது. அதைப் பிரித்து எழுதத் தேவையான சோதனை கையில் இருக்கிறது, துடுப்பின் ஒரு துண்டு போதும். லாப்ரடார் துறைமுகங்களிலும் அதைச் செய்தாக வேண்டும்.